டி.என்.ஏ.யின் வெல்லமும் காலம் தாழ்த்தலாகாத கடமையும்

டி.என்.ஏ. பரிசோதனை என்பது எமது மக்களுக்குப் புதியதொரு விடயமன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் கல்முனையில் '81ஆம் இலக்கக் குழந்தை' என அழைக்கப்பட்ட சிசுவின் பெற்றோர் யார் என்பதை 2005 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது இப்பரிசோதனையே. உயிருள்ள குழந்தையிடமிருந்து மட்டுமன்றி, இறந்து பல்லாண்டுகள் கடந்த ஒருவரின் எலும்பிலிருந்தும் இத்தகைய விடையைப் பெற இயலும். அதற்கு டி.என்.ஏ.யின் கட்டமைப்பிலுள்ள வெல்லமும் ஒரு முக்கிய காரணமாகும்.

டி.என்.ஏ.யை முறுக்கிய ஏணி ஒன்றுக்கு ஒப்பிடலாம். நைதரசன் உப்புமூலங்கள் அதன் படிகளாகும். வெல்லமும் பொஸ்பேற்றும் மாறி மாறி இணைந்து அதன் இரு பக்கச் சட்டங்களாக அமைகின்றன. இவ்வெல்லம் நாம் தேநீரில் கலக்கும் சீனியன்று. ஐந்து காபன் அணுக்களைக் கொண்ட டீஒக்சிரைபோஸ் ஆகும். நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவகத்தில் பணியாற்றிய பீபஸ் லெவீன், 1909இல் ஆர்.என்.ஏ.யின் வெல்லமான ரைபோஸையும், 1929இல் டீஒக்சிரைபோஸையும் இனங்கண்டார்.

இவ்விரு வெல்லங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரேயோர் ஒட்சிசன் அணுவாகும். ரைபோஸின் இரண்டாம் காபனில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கூட்டம் ஒன்று உண்டு. அது அருகிலுள்ள பொஸ்பேற்றுப் பிணைப்பைத் தாக்கிச் சங்கிலியைத் துண்டிக்க வல்லது. டீஒக்சிரைபோஸில் அவ்வொட்சிசன் இல்லை. ஆதலால் ஆர்.என்.ஏ. எளிதிற் சிதைய, டி.என்.ஏ. நிலைத்து நிற்கின்றது. கிரீன்லாந்தின் உறைநிலப் படிவுகளிலிருந்து சுமார் 20 இலட்சம் ஆண்டுகள் பழைமையான டி.என்.ஏ. மீட்கப்பட்டதாக 2022இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

எனினும் இவ்வுறுதிக்கும் எல்லையுண்டு. நீரும் வெப்பமும் சேரும்போது வெல்லத்திலிருந்து உப்புமூலங்கள் கழன்று விடுகின்றன. அவ்விடத்திற் சங்கிலியும் அறுகின்றது. கிரீன்லாந்தின் பனி பேணிக் காத்ததை எமது வெப்பவலய மண் அவ்வாறு காப்பதில்லை.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் மனித எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்ட பின்னணியில் இவ்வுண்மை கனதியான பொருளைப் பெறுகின்றது. எலும்பிலிருந்து டி.என்.ஏ. கிடைத்தால் மட்டும் போதாது. அதனை ஒப்பிடுவதற்கு உறவினரின் மாதிரியும் வேண்டும். காணாமற்போனோரின் பெற்றோர் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களுடைய மாதிரிகளைத் தக்க பாதுகாப்புடன் காலம் தாழ்த்தாது சேகரித்து வைப்பது பொறுப்பு வாய்ந்தோரின் கடமையாகும். ஓர் ஒட்சிசன் அணுவை இழந்ததன் மூலம் இயற்கை எமக்கு வழங்கிய கால அவகாசம் பெரிது. ஆயினும் அது முடிவற்றதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.