ஜீவாளியும் மின்கித்தாரின் திரிபொலியும்: லீட் வாசிப்புக்கான டிஸ்டார்ஷன் பெடல் தேர்வு குறித்த இசைவரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மின்கித்தாரின் லீட் வாசிப்பில் பயன்படும் டிஸ்டார்ஷன் பெடல், ஒலியலையைத் திரித்து மேற்சுரங்களைப் பெருக்கும் கருவியாகும். தம்புராவின் குதிரைமீது வைக்கப்படும் ஜீவாளி நூலும் மேற்சுரங்களைப் பெருக்குவதே. இவ்விரண்டையும் சி.வி. இராமன் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நரம்பிசைக் கருவி ஆய்வின் துணைகொண்டு ஒப்பிட்டு, ஒப்புமையின் எல்லையை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். யாழின் நாற்குற்றம் பற்றிய உரைமரபுக் கருத்தைப் பெடல் தேர்வுக்குரிய அளவுகோலாகக் கொள்ள இயலும் என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஜீவாளி, தம்புரா, மின்கித்தார், திரிபொலி, சி.வி. இராமன், நாற்குற்றம், கமகம்

முன்னுரை

திருச்சிராப்பள்ளியில் கல்லூரி விழா மேடை, தேவாலயப் பாடற்குழு, மெல்லிசைக் கச்சேரி ஆகிய மூன்று களங்களில் மின்கித்தார் ஒலிக்கிறது. அதே நகரில், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில், வைகுந்த ஏகாதசித் திருநாளில் ஏகாந்த வீணை இசைக்கப்பெறும் மரபு தொடர்கிறது. இவ்விரு இசையுலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை போலத் தோன்றினும், நரம்பின் ஒலிக்குச் செறிவு சேர்ப்பது எவ்வாறு என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானதாகும்.

மின்கித்தாரின் திரிபொலி குறித்து இரண்டு கருத்துகள் நம்மிடையே வழங்குகின்றன. அது மேலைநாட்டிலிருந்து வந்த இரைச்சல் என்பது ஒன்று. தம்புராவில் முன்பே இருந்ததுதான், அதில் புதுமை ஒன்றும் இல்லை என்பது மற்றொன்று. முதற்கருத்து மின்கித்தாரை இசைக்கல்விக்குப் புறத்தே நிறுத்துகிறது. இரண்டாவது, ஆராயாமலேயே பெருமை கொள்கிறது. இரண்டுமே கருவியின் இயக்கத்தை நோக்காமல் எழுந்தவை. இயக்கத்தை விளக்கிய பின்னரே மதிப்பீட்டுக்குச் செல்வது முறையாகும்.

இராமனும் நரம்பிசைக் கருவிகளும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், திருவரங்கத்தை அடுத்துள்ள திருவானைக்காவில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் விசாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் சந்திரசேகர ஐயர் வயலின் வாசிக்கக் கூடியவர். பிறந்த ஊரே பிற்கால ஆய்வுக்குக் காரணம் எனக் கூறுவதற்குச் சான்று வேண்டும். ஆயினும், இசைக்கருவிகள் புழங்கிய இல்லத்தில் வளர்ந்த ஒருவரே அவற்றை இயற்பியல் ஆய்வுக்கு உட்படுத்தினார் என்பது கருதத்தக்கது.

1930ஆம் ஆண்டு நோபல் பரிசு ஒளிச்சிதறல் ஆய்வுக்காக வழங்கப்பட்டதால், இராமனின் ஒலியியல் ஆய்வுகள் பொதுவாசகர் பார்வையில் பின்னுக்குச் சென்றுவிட்டன. வயலின் போன்ற வில்லிசை நரம்புகளின் அதிர்வு பற்றி 1918இலும், மிருதங்கம், தபலா ஆகியவற்றின் இசைவான மேற்சுரங்கள் பற்றி 1920இலும் அவர் எழுதினார். கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் வழியாக 1921இல் தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்.

யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. நரம்பை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்ற கணுவை உடைய மேற்சுரம் ஒலியில் இடம்பெறாது என்பது அவ்விதி. நரம்பின் சரிபாதியில் மீட்டினால் 2, 4, 6 முதலிய இரட்டைப்படை மேற்சுரங்கள் எழக்கூடாது. தம்புராவிலும் வீணையிலும் இவ்விதி பொருந்தவில்லை என்பதை இராமன் கண்டார். எழக்கூடாத மேற்சுரங்கள் அவற்றில் வலுவாகவே எழுந்தன.

ஜீவாளியின் இயக்கம்

இதற்குக் காரணம் குதிரையின் வடிவம். வயலின் நரம்பு குதிரையின் கூரிய விளிம்பில் தங்கி, அங்கிருந்து தடையின்றி அதிர்கிறது. தம்புராவின் குதிரையோ அகன்று, மேற்புறம் மெல்ல வளைந்தது. நரம்பு அதிரும்போது அவ்வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. குதிரைக்கும் நரம்புக்கும் இடையே செருகப்படும் நூல், இத்தொடுகை நிகழும் இடத்தைச் செம்மைப்படுத்துகிறது. நூலை இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ஒலி மலரும் இடத்தைச் செவியால் கண்டறிந்து நிறுத்துவதையே இசைவாணர் ஜீவாளி வைத்தல் என்பர். வீணையில் நூல் இல்லை. குதிரைமீது பதிக்கப்பட்ட உலோகத் தகட்டின் வளைவே அப்பணியைச் செய்கிறது.

இங்கு அறிய வேண்டிய அடிப்படை ஒன்றுண்டு. நரம்பின் இயக்கம் நேரியல் தன்மையுடையதாயின், மீட்டிய கணத்தில் இல்லாத மேற்சுரம் பின்னர்ப் புதிதாகப் பிறவாது. தொடுகை இடைவிட்டு நிகழும்போது அந்நேரியல் தன்மை குலைகிறது. அடிச்சுரத்தின் ஆற்றலில் ஒரு பகுதி மேற்சுரங்களுக்குப் பகிரப்படுகிறது. அக்குலைவே தம்புராவின் செழுமைக்குக் காரணம்.

பெடலின் வரலாறு

மின்கித்தாரின் திரிபொலி பழுதிலிருந்து பிறந்தது. 1951இல் மெம்பிஸ் நகரில் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலில், வழியில் சேதமுற்ற ஒலிபெருக்கியின் கரகரப்பு அப்படியே பதிவாயிற்று. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடலில், நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்துக் கலவைக் கருவியின் பழுதால் கிராடி மார்ட்டினின் வாசிப்பு திரிந்து ஒலித்தது. அவ்வொலியை வேண்டும்போது பெறுவதற்காக, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடியின் முயற்சியில் உருவான சுற்று, 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் மிதிபெட்டியாக விற்பனைக்கு வந்தது. ஊதுகருவிகளின் ஒலியைக் கித்தாரில் பெறுவதற்கான கருவி என்றே அது முதலில் விளம்பரப்படுத்தப்பட்டது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலுக்குப் பின்னரே திரிபொலி தனக்கென ஓர் அடையாளம் பெற்றது.

பின்வந்த பெடல்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது ஃபஸ்: டிரான்சிஸ்டர்களை அவற்றின் எல்லைவரை செலுத்தி, அலையைச் சதுர வடிவுக்கு நெருக்கமாக வெட்டுவது. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் இவ்வகையின் புகழ்பெற்ற சான்று. இரண்டாவது ஓவர்டிரைவ்: அலையின் முகட்டை மென்மையாக மழுக்குவது. 1977இல் பாஸ் நிறுவனத்தின் ஓடி-1, 1979இல் ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் ஆகியவை இதற்குச் சான்றுகள். மூன்றாவது டிஸ்டார்ஷன்: பெருக்கிய குறிப்பலையை டையோடுகளால் கூர்மையாக வெட்டுவது. 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1 இவ்வகையினது.

லீட் வாசிப்புக்குத் திரிபு ஏன் வேண்டும் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கித்தாரின் பிக்கப் 0.1 வோல்ட் அலையைத் தருவதாகக் கொள்வோம். பெடல் அதனை 60 மடங்கு பெருக்கினால் 6 வோல்ட் ஆகும். சிலிக்கான் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் அலையை வெட்டுகிறது. நரம்பின் அதிர்வு பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை, வெளிவரும் ஒலியின் உயரம் ஏறத்தாழ மாறாது. மீட்டியதும் தேயும் ஒலி, ஊதுகருவியின் ஒலிபோல நீண்டு நிற்கிறது. ஒரு மீட்டில் பல அசைவுகளைக் கொண்ட கமகத்தை வாசிக்க விழைவோருக்கு இந்நீட்சி பெரிதும் பயன்படுவது. கருநாடக இசையில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டை நரம்புகளைக் கொண்ட மரபுக் கருவியை விடுத்து, ஐந்து ஒற்றை நரம்புகளைக் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டதிலும் நீட்சித் தேவைக்கு இடமுண்டு. கித்தார் கலைஞர் பிரசன்னா 2006இல் வெளியிட்ட ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ இசைத்தொகுப்பு, திரிபொலியையும் கருநாடகத் தாளக்கருவிகளையும் ஓரிடத்தில் நிறுத்தியது.

ஒப்புமையின் எல்லை

ஜீவாளியும் பெடலும் நேரியல் தன்மையைக் குலைத்தே மேற்சுரங்களைப் பெருக்குகின்றன. இரண்டும் செவியால் செம்மைப்படுத்தப்படுகின்றன. இவ்வளவில் ஒப்புமை நிற்கும். வேறுபாடுகள் மூன்று.

முதலாவது, ஆற்றலின் மூலம். ஜீவாளி நரம்பில் உள்ள ஆற்றலைப் பகிர்வது மட்டுமே. பெடலோ பெரும்பாலும் 9 வோல்ட் மின்கலத்திலிருந்து ஆற்றலைப் பெற்று, தேயும் ஒலியை உயர்த்துகிறது.

இரண்டாவது, நரம்புகளின் தனிமை. தம்புராவில் ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனி நூல் உண்டு. பஞ்சமத்தின் திரிபு சட்ஜத்தில் கலப்பதில்லை. கித்தாரின் ஆறு நரம்புகளும் ஒரே சுற்றின் வழியே செல்வதால், இரு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது அவற்றின் கூட்டு, வேறுபாட்டு அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. சட்ஜம் 200, பஞ்சமம் 300 எனில் வேறுபாடு 100. அது சட்ஜத்தின் கீழ்த்தாயியே, ஆகவே இசைவுடையது. சம இடைவெளி முறையில் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 252 ஆகும். வேறுபாடு 52. தூய காந்தாரம் 250 எனில் கிடைக்கும் 50க்கு இது சற்று விலகியது. இவ்விலகலே திரிபொலியில் மூன்றுசுரக் கூட்டுகள் கலங்கி ஒலிப்பதற்கும், சட்ஜ-பஞ்சம இணை தெளிந்து ஒலிப்பதற்கும் முதன்மையான காரணம். லீட் வாசிப்பு ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே இசைப்பதால் இத்தொல்லைக்கு இடமில்லை.

மூன்றாவது, பணி. ஜீவாளி சுருதியை நிறைவிக்கிறது. அது இசையின் பின்புலம். லீட் வாசிப்பு முன்னிற்பது. ஆகவே, தம்புராவில் முன்பே இருந்தது என்னும் கூற்று பாதி உண்மையே.

நாற்குற்றமும் தேர்வும்

கருவியைச் செவியால் ஆய்ந்து தேர்வது தமிழிலக்கியம் அறிந்த செய்தியே. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தனக்குத் தரப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக ஆய்ந்து, குற்றம் கூறி விலக்குகிறான். செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கு குற்றங்களை உரைமரபு வகுக்கிறது. பண்ணோடு பொருந்தாத இன்பமற்ற ஓசை செம்பகை; அளவு கடந்து இசைப்பது ஆர்ப்பு; வெளிப்படாது மழுங்குவது கூடம்; இழுமென்னும் இனிமையின்றிச் சிதறுவது அதிர்வு. யாழுக்கு வகுத்தவற்றை மின்கருவிக்கு ஏற்றுவது புதிய பொருத்தமே. எனினும் அவை ஒலியின் தன்மை பற்றியவை ஆதலின், இப்பொருத்தம் வலிந்து கொண்டதாகாது.

இவற்றின் வழியே பெடலை ஆயலாம். இரு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போது பிறக்கும் வேறுபாட்டு ஒலி பண்ணைக் கெடுப்பின், அது செம்பகை. அவ்வாறு இணைத்து வாசிப்போர் கூர்மையாக வெட்டும் பெடலை விடுத்து ஓவர்டிரைவைக் கொள்ளுதல் நன்று. பெருக்கத்தை மிகுத்து, மெல்லிய மீட்டும் வலிய மீட்டும் ஒன்றாகிவிடின், அது ஆர்ப்பு. நீட்சிக்குப் போதிய அளவோடு நிறுத்துவதே இதற்குத் தீர்வு. இடைநிலை அதிர்வெண்கள் குறைந்தால், தனியறையில் இனிக்கும் ஒலி மேடையில் தாளக்கருவிகளுக்கிடையே மூழ்கும்; அது கூடம். பிக் மஃப் வகை ஃபஸ் இடைநிலையைத் தாழ்த்துவது. டியூப் ஸ்க்ரீமர் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸ் பகுதியை முன்னிறுத்துவதால், குழுவோடு வாசிக்கும்போது கேட்பது எளிது.

அதிர்வுக்கு மின்சார இரைச்சல் தக்க சான்று. நம் நாட்டு மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கு 100. ஐந்து கட்டைச் சுருதியின் கீழ்ச்சட்ஜம் 98 ஹெர்ட்ஸ். பெடல் இவ்விரைச்சலையும் பெருக்குமாதலின், நொடிக்கு இருமுறை மோதும் அலைவு சுருதியோடு கலந்து கேட்கும். நன்கு காப்பிட்ட கம்பிகள், முறையான நிலத்தொடர்பு, குறைந்த பெருக்கம் ஆகியவை இதனைத் தணிக்கும்.

கமகத்தை முதன்மையாகக் கொண்ட லீட் வாசிப்புக்கு மென்மையாக மழுக்கும் ஓவர்டிரைவே முதல் தேர்வாகத் தக்கது. நீட்சி போதாதவிடத்து டிஎஸ்-1 போன்ற டிஸ்டார்ஷனைக் குறைந்த பெருக்கத்தில் கொள்ளலாம். ஊதுகருவியின் நிறத்தை நாடுவோர்க்கு ஃபஸ் உரியது.

முடிவுரை

பழுதெனத் தள்ளப்பட வேண்டிய ஒலியைச் செவி தேர்ந்தெடுத்து இசையாக்கியது என்பதே பெடலின் வரலாறு. நூலிழையை நகர்த்தி ஒலி மலரும் இடத்தைக் காண்பதும் அத்தகைய தேர்வே. திருவானைக்காவில் பிறந்த அறிஞர் ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்னர் அதன் காரணத்தை விளக்கியிருப்பினும், அவ்விளக்கம் மின்கருவிகளின் இசைக்கல்வியோடு இன்னும் உரியவாறு இணைக்கப்படவில்லை. ஜீவாளி வைக்கக் கற்ற மாணவரும் பெடலின் விசையைத் திருப்பும் மாணவரும் ஒரே சொற்களால் தம் ஒலியைப் பற்றி உரையாட இயலுமாயின், நாற்குற்றம் என்னும் பழைய பகுப்பு மீண்டும் புழக்கத்துக்கு வரும். நாகசுரம், முகவீணை முதலிய கருவிகளின் ஒலிநிறத்தையும் இவ்வகையில் ஆய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.