நூறு ரூபாய்க்கு மேற்பட்டவை

சில ஆண்டுகளுக்கு முன் பணிமாறுதலால் பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சைக்குக் குடிபெயர்ந்தேன். சாமான்களை ஏற்ற வந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் எதிரே உள்ளிருப்பது என்ன, மதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும். பீரோவுக்கும் தொலைக்காட்சிக்கும் யோசித்து எழுதினேன். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக எழுதிவைத்த பாடக்குறிப்பேடுகள் இருந்த பெட்டிக்கு எதிரே ‘பழைய தாள்கள்’ என்று எழுதி, மதிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். காப்பீட்டிலும் மலிவான வகையே போதும் என்றேன். வழியில் மழை. நனைந்து வந்தது அந்தப் பெட்டிதான்.

அந்தக் கட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகு.

சுமை கொண்டுசெல்பவரிடம் ஆங்கிலேயப் பொதுச்சட்டம் மிகக் கடுமையாக நடந்துகொண்டது. தெய்வச் செயல், அரசரின் பகைவர் செயல் ஆகிய இரண்டு தவிர எந்த இழப்புக்கும் அவரே பொறுப்பு என்று 1703இல் நீதிபதி ஹோல்ட் விளக்கினார். 1785இல், தம் தவறின்றி எழுந்த தீயில் சரக்கை இழந்த ஒருவரையும் மான்ஸ்ஃபீல்ட் பிரபு பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை. காரணம் எளியது. வழியில் நடப்பதைப் பார்க்கப் பொருளின் சொந்தக்காரர் உடனிருப்பதில்லை. கள்வரோடு கூட்டுச்சேர்ந்தாலும் மெய்ப்பிக்க முடியாது.

வண்டிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று அலுவலகச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். இந்த இழுபறிக்கு 1830இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சமரசம் கண்டது. சுவர் அறிவிப்பு செல்லாது. ஆனால் பட்டியலிட்ட அரும்பொருள்கள் பத்துப் பவுனுக்கு மேற்பட்டால், அனுப்புபவர் மதிப்பை அறிவிக்க வேண்டும்.

அதே ஏற்பாடு 1865இல் இந்தியாவுக்கு வந்தபோது பத்துப் பவுன் நூறு ரூபாய் ஆயிற்று. அதன் அட்டவணை ஒரு பழைய செல்வர் வீட்டைத் திறந்து காட்டுவது போலிருக்கும்: பொன், முத்து, கடிகாரம், கண்ணாடி, பட்டு, சால்வை, தந்தம், சந்தனமரப் பொருள்கள், இசைக்கருவிகள், உண்டியல் சீட்டுகள். இவற்றின் நடுவே ‘எழுத்துப் படிகள்’ என்றும் ஒரு சொல் உண்டு. மதிப்பை அறிவித்தால் கூடுதல் கூலி கேட்கலாம். அறிவிக்காமல் அனுப்பினால், குற்றச்செயல் போன்ற விலக்குகள் நீங்கலாக, இழப்பீடு இல்லை. மௌனத்தின் விலையைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டும். ரயில்வேயும் பின்னாளில் ‘ரயில்வே பொறுப்பு’, ‘உடைமையாளர் பொறுப்பு’ என்று இருவகைக் கட்டணம் வைத்தது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின்படி இழப்பீட்டின் உச்சவரம்பு பொதுவாகக் கூலியைப் போல் பத்து மடங்கு; அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. இருபதாயிரம் கூலி என்றால் இரண்டு இலட்சம். அதற்கு மேல் வேண்டுமெனில் கூடுதல் கட்டணத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

காப்பீடு இதனின்று வேறானது. உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் ஏ, பி, சி என மூன்று வகைகள் வழக்கில் உள்ளன. ‘சி’ தீயும் மின்னலும் மட்டும். ‘பி’ மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் ஆகியவற்றையும் சேர்க்கும். உடைவு, நனைவு, களவு என எல்லாவற்றுக்கும் வேண்டுமெனில் ‘ஏ’. அதிலும் சரியாகக் கட்டாத பெட்டிக்கு இழப்பீடு கிடைப்பதில்லை. மதிப்பைப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் இழப்பீடும் பாதியாகலாம். சாமான் ஏற்றுபவர் மதிப்பின்மேல் வாங்கும் கட்டணம் எல்லா நேரத்திலும் காப்பீடு ஆகாது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

நான் ‘ஏ’ வகையே எடுத்திருந்தாலும் அந்தக் குறிப்பேடுகளுக்கு என்ன தொகை எழுதியிருப்பேன்? சந்தையில் அவற்றுக்கு விலை இல்லை. ஆனாலும் 1865இல் யாரோ ஒரு சட்ட வரைவாளர் பொன்னோடும் முத்தோடும் வைத்த ஒன்றை, தமிழ் கற்பிக்கும் நான் பழைய தாள்கள் என்றுதான் எழுதினேன்.

வீடு மாறும் நண்பர்களுக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். பீரோவுக்குக் காப்பீடு எடுங்கள். கையெழுத்துப் படிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.