வில்லுப்பாட்டின் முதல் ஐந்து கதைகள்: வள்ளியூர் வட்டாரத்திலிருந்து ஒரு வரிசை

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய தென்கேரளப் பகுதியிலும் கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் கதைநிகழ்த்து கலை வில்லுப்பாட்டு. வள்ளியூர், பணகுடி, நாங்குநேரி, இராதாபுரம் வட்டாரங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், சாஸ்தா கோயில்களின் கொடை இக்கலை இல்லாமல் நிறைவு பெறுவதில்லை. அங்கே பாடப்படும் கதைப்பாடல்களில் சிறந்தவை எவை என்பது கொடைப் பந்தலில் கூடுவோர் நெடுங்காலமாக விவாதித்துவரும் பொருள். இக்கட்டுரை ஐந்து கதைகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்கான காரணங்களை வரலாற்று நோக்கில் கூறுகிறது.

கலையின் அமைப்பு

வில்லுப்பாட்டின் முதன்மைக் கருவி மணிகள் கட்டிய பெரிய வில். புலவர் அல்லது அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர் வில்லின் நடுவில் அமர்ந்து, இரு கைகளிலும் வீசுகோல் கொண்டு நாணை அடித்துப் பாடுவார். மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை துணைக்கருவிகள். குழு இரு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்தார் புலவரோடு சேர்ந்து பாட்டை முன்னெடுக்க, மறுபக்கத்தார் வாங்கிப் பாடுவர்.

நிகழ்ச்சி காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதைக்கூறு, வாழி பாடுதல் என்ற முறையில் நடைபெறும். கதைகள் ஏட்டுச்சுவடிகளாகவும் கையெழுத்துப் படிகளாகவும் புலவர்களின் வீடுகளில் பேணப்பட்டன. ஒரே கதை ஊருக்கு ஊர் மாறும். ஏட்டில் இருப்பதும் பந்தலில் பாடப்படுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கதைகளில் இரண்டு பெரும்பிரிவுகள் உண்டு. கயிலாயத்தில் தோன்றி மண்ணுலகுக்கு வந்த தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. மனிதராகப் பிறந்து, அநியாயமாகக் கொலையுண்டு, பின்னர் தெய்வமாக வழிபடப்படுவோரின் கதைகள் மற்றொரு வகை. இப்பிரிவை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். வில்லுப்பாட்டைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1988-இல் வெளிவந்தது. கொலையுண்டவரின் கதை சாவுக் கட்டத்தை எட்டும்போதுதான் பெரும்பாலும் சாமியாடியின் மீது அருள் இறங்குகிறது. கேட்பவர் அழுவதும் அந்த இடத்தில்தான்.

வரிசைக்கான அளவுகோல்கள்

இங்கு மூன்று அளவுகோல்கள் கொள்ளப்படுகின்றன. ஒன்று, தெய்வத்தின் பெருமையை நீக்கிவிட்டுக் கேட்டாலும் கதை தன் வலிமையில் நிற்கிறதா என்பது. இரண்டு, வேறெந்த ஆவணத்திலும் கிடைக்காத வரலாற்று நினைவு அதில் உள்ளதா என்பது. மூன்று, கேட்போரிடம் அது ஒரு நியாயக் கேள்வியை எழுப்புகிறதா என்பது. எத்தனை கோயில்களில் பாடப்படுகிறது என்ற எண்ணிக்கை அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை.

ஐந்தாவது: சுடலைமாடன் கதை

மிகுதியாகப் பாடப்படும் கதை இதுவே. பிள்ளை வரம் வேண்டிய பார்வதி முந்தானையை விரித்து நிற்க, விளக்கின் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை சுடலைமாடன். இரவில் சுடுகாட்டுக்குச் சென்று பிணம் தின்றதால் கயிலாயத்தில் இருக்க முடியாமல் மண்ணுலகுக்கு அனுப்பப்படுகிறான். மலையாள நாட்டு மந்திரவாதி காளிப்புலையனோடு மோதி, அவனையும் அவன் மகள் மாயிசக்கியையும் அழிக்கும் பகுதி கதையின் உச்சம். தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் பகுதியில் உள்ள சீவலப்பேரி, சுடலை வழிபாட்டின் புகழ்பெற்ற தலங்களுள் ஒன்று.

இசைக்கும் வேகத்துக்கும் இதற்கு நிகரான கதை குறைவு. மலையாள மந்திரவாதம் பற்றித் தென்னாட்டு மக்களுக்கு இருந்த அச்சமும் இதில் பதிவாகியுள்ளது. ஆயினும் சுடலைக்கு எதிர்நிற்க எவராலும் முடியாது என்பது கேட்போருக்கு முன்பே தெரியும். வெல்லப்போவது யார் என்ற ஐயமே எழாத கதை பக்திக்கு உகந்தது. கதை என்ற முறையில் அது ஐந்தாம் இடத்துக்கே உரியது.

நான்காவது: இரவிக்குட்டிப்பிள்ளை போர்

மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலத்தில் (1623–1659) நாயக்கர் படைக்கும் வேணாட்டுப் படைக்கும் நாகர்கோவிலுக்கு அருகில் கணியாகுளத்தில் 1634-35 அளவில் போர் நடந்தது. அதில் வீழ்ந்த வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப்பிள்ளை. போருக்குப் புறப்படும் முன் தாயும் மனைவியும் தாம் கண்ட தீக்கனவுகளைச் சொல்லித் தடுப்பதும், அவர் அதைக் கேளாமல் செல்வதும், உடனிருந்தோரே அவரைத் தனியே விட்டு விலகுவதும், வெட்டுண்ட தலையைப் பகைவரிடமிருந்து மீட்டு வருவதும் கதையின் முக்கியக் கட்டங்கள்.

வேணாட்டுத் தலைவரைப் பற்றிய இப்பாடல் தமிழில் அமைந்தது. நாஞ்சில் நாட்டின் மக்கள்மொழி எது என்பதற்கு அது ஒரு சான்று. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய நிகழ்வை இது பேசுகிறது. வள்ளியூரில் நின்று கேட்பவருக்கு இன்னொன்றும் விளங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்புறம் மதுரையின் படை. அப்புறம் வேணாட்டின் படை. பாடல் தோற்ற பக்கத்தில் நின்று பாடப்படுகிறது. வென்றவர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. தோற்றவர்களுக்குப் பாட்டுத்தான் உண்டு.

மூன்றாவது: நீலி கதை

நகைக்காகத் தன் காதலியைக் கொன்ற அந்தணன் ஒருவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். கொலையுண்டவள் நீலியாகப் பிறந்து அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவனே தன் கணவன் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். அவன் அஞ்சி மறுக்கிறான். சபையோர் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். மறுநாள் அவன் பிணமாகக் கிடக்க, சொன்ன சொல் தவறாமல் வேளாளர் எழுபது பேரும் உயிர் துறக்கிறார்கள்.

வடக்கே இக்கதை திருவாலங்காட்டை அடுத்த பழையனூரோடு தொடர்புடையது. சமணக் காப்பியமான நீலகேசி, பழையனூர்ப் பேயைச் சமண சமயத் தத்துவம் பேசி வாதிடும் பெண்ணாக மாற்றிக்கொண்டது. தெற்கே வந்தபோது நீலி இசக்கியோடு ஒன்றானாள். வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில் உள்ள முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இவ்வழிபாட்டின் பெருந்தலம்.

இக்கதை எழுப்பும் கேள்வி எளிதானதல்ல. முற்பிறவியில் அவளுக்கு இழைக்கப்பட்டது கொலை. அவள் பெற்றதும் நியாயமே. ஆனால் அவள் அதைப் பொய் சொல்லியே பெற்றாள். நேர்மையாக நடந்த எழுபது பேர் அந்தப் பொய்க்கு விலை கொடுத்தார்கள். கேட்போர் நீலியின் பக்கமா, சபையின் பக்கமா என்று கதை கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை.

இரண்டாவது: ஐவர் ராசாக்கள் கதை

வள்ளியூரின் சொந்தக் கதை இது. கன்னடியன் படைப்போர் என்ற பெயரும் இதற்கு உண்டு. பாண்டிய உடன்பிறப்புகள் ஐவர். அவர்களுள் குலசேகரன் வள்ளியூரில் கோட்டை கட்டி ஆள்கிறான். கன்னடிய மன்னனின் மகள் அவன்மேல் காதல் கொள்கிறாள். மணம் பேசி வந்தவர்களைக் குலசேகரன் குலம் காரணம் காட்டி மறுத்துவிடுகிறான். கன்னடியன் படையெடுத்து வருகிறான். போரில் பாண்டியர் தோற்கிறார்கள். சிறைப்பட்ட குலசேகரன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். அவனையே கணவனாக வரித்த கன்னடிய இளவரசி, உயிரற்ற உடலுக்கு மாலையிட்டு உடன் மாய்கிறாள்.

நாங்குநேரியில் பிறந்த நாட்டாரியல் ஆய்வாளர் நா. வானமாமலை (1917–1980) இக்கதைப்பாடலைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் முற்பகுதியில் வெளியிட்ட அவருடைய கதைப்பாடல் பதிப்புகளுள் இதுவும் ஒன்று.

இக்கதையில் வரும் குலசேகரன் யார் என்று ஒரே மன்னனைச் சுட்டிக் காட்ட இயலாது. குலசேகரன் என்பது பாண்டியர் பலர் தாங்கிய பெயர். பாண்டிய நாட்டைப் பலர் ஒரே காலத்தில் பங்கிட்டு ஆண்டது பழைய வழக்கம். முதலாம் குலோத்துங்கன் பாண்டியர் ஐவரை வென்றதாகச் சோழர் ஆவணங்கள் கூறும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் உடன்பிறந்த ஐந்து அரசர்கள் ஆண்டதாகக் குறித்தார். கன்னடர் படையும் இப்பகுதி அறியாதது அன்று. விசயநகர மன்னர் அச்சுததேவராயரின் படை 1532 அளவில் தாமிரபரணிக் கரைவரை வந்து, திருவிதாங்கோட்டு அரசரை வென்றது. அப்போது பாண்டியன் தன் மகளை அச்சுதராயருக்கு மணம் செய்து கொடுத்ததாக விசயநகரத் தரப்பு ஆவணம் கூறுகிறது.

இங்கே ஒரு திருப்பம் கவனிக்கத்தக்கது. ஆவணத்தில் பெண் கொடுப்பவன் பாண்டியன். பாட்டிலோ பெண் கொடுக்க முன்வருபவன் கன்னடியன், மறுப்பவன் பாண்டியன். தோற்ற நாடு, போர்க்களத்தில் இழந்த மானத்தைப் பாட்டில் மீட்டுக்கொண்டது என்று கருத இடமுண்டு. அதே தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கன்னடியன் அணைக்கட்டும் கால்வாயும் இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றன. அங்கே கன்னடியன் என்ற சொல் கால்வாய் வெட்டிய நல்லவனைக் குறிக்கிறது. வள்ளியூர்ப் பாட்டில் அதே சொல் பகைவனைக் குறிக்கிறது. மக்கள் நினைவு ஓர் இனத்தாரை மொத்தமாக நல்லவர் என்றோ தீயவர் என்றோ முடிவு கட்டிவிடவில்லை.

வள்ளியூர்க்காரர்கள் பலர் இதற்கே முதலிடம் தருவார்கள். அந்தப் பற்று இயல்பானது. ஆனால் குலசேகரன் எதற்காக இறந்தான் என்று கேட்டால், குலம் மாறி மணப்பதில்லை என்ற பிடிவாதத்துக்காக என்பதே விடை. கதையில் நம் நெஞ்சில் நிற்பவள் மறுக்கப்பட்ட இளவரசிதான். முதலிடம் பெறும் கதையில் இதே கேள்விக்கு நேர் எதிரான விடை கிடைக்கிறது.

முதலாவது: முத்துப்பட்டன் கதை

ஏழு உடன்பிறப்புகளில் இளையவனான முத்துப்பட்டன் அந்தணன். அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டுச் சென்றவன், திரும்பும் வழியில் பொதிகை மலைச்சாரலில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளைக் கண்டு காதல் கொள்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் சக்கிலியர் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மக்கள். பெண் வேண்டுமானால் குடுமியையும் பூணூலையும் களைந்து, தோல் பதமிட்டுச் செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும் என்கிறான் வாலப்பகடை. அண்ணன்மார் தடுத்தும் முத்துப்பட்டன் அவ்வாறே செய்து, இருவரையும் மணக்கிறான். மணநாள் இரவிலேயே மாமனார் காவலில் இருந்த மாடுகளைக் கள்வர் ஓட்டிச் சென்ற செய்தி வருகிறது. மீட்கச் சென்றவன் வென்று நிற்கும்போது மறைந்திருந்தவனால் குத்துண்டு இறக்கிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாய்கிறார்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயன் என்ற பெயரில் வழிபடப்படுகிறான். ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும். பட்டவராயனுக்குப் பக்தர்கள் செலுத்தும் காணிக்கை செருப்பு.

இக்கதையின் வரலாற்றில் மிக முக்கியமான செய்தி, அது திருத்தப்பட்ட விதம். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு முற்பகுதி சில வடிவங்களில் சேர்ந்திருக்கிறது. உயர்சாதியாரின் மனம் கோணாமல் இருக்கப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது இது என்று வானமாமலை விளக்கினார். கதைக்குள்ளேயே அதற்குச் சான்று உண்டு. பெண்கள் பிறப்பால் அந்தணர் என்றால், அண்ணன்மாரின் கோபத்துக்கும் வாலப்பகடையின் நிபந்தனைக்கும் கதையில் பொருளே இல்லாமல் போகும். முற்பகுதியைச் சேர்த்தவர்களால் குடுமி களைந்த காட்சியை நீக்க முடியவில்லை. நீக்கினால் கதையே இல்லை. காரையாற்றில் தொங்கும் செருப்புகளும் பழைய வடிவத்துக்கே சாட்சி சொல்கின்றன.

மூன்று அளவுகோல்களிலும் இக்கதை முன்னிற்கிறது. தெய்வம் என்பதை மறந்து கேட்டாலும் முத்துப்பட்டன் நிற்கிறான். மலையடிவாரத்து மாட்டுக்காவல் வாழ்க்கை இதில் பதிவாகியுள்ளது. குலம் பெரிதா, கொடுத்த சொல்லும் உழைப்பும் பெரிதா என்ற கேள்வியை இதைவிட நேராகக் கேட்ட கதை தெற்கே வேறில்லை.

வரிசையில் இடம்பெறாதவை

நாவிதர் குலப் பெண் ஐயம்குட்டியைக் கைவிட மறுத்ததால் தன் குடும்பத்தாராலேயே கொல்லப்பட்ட சின்ன நாடான், புதையலுக்காகப் பலியிடப்பட்ட சின்னத்தம்பி, அதே காரணத்துக்காகக் கர்ப்பிணியாக இருக்கும்போதே கொல்லப்பட்ட பொன்னிறத்தாள் ஆகியோரின் கதைகளும் சிறந்தவையே. இவற்றுள் சின்ன நாடான் கதைக்கு ஆறாம் இடம் தயங்காமல் தரலாம்.

இன்றைய நிலை

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் வரலாற்றை வில்லில் பாடி, இக்கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) அதை மேடைக்கலையாக வளர்த்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். கோயில் மரபில் நின்று பாடிய கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி 2018-இல் காலமானார்.

மேடையும் வானொலியும் கலைக்குப் புகழ் தந்தன, நேரத்தைக் குறைத்தன. விடிய விடியப் பாடிய கதை இன்று சில மணி நேரத்தில் முடிகிறது. சுருக்கும்போது முதலில் உதிர்வது ஊர்ப்பெயர்களும் சாதிச் சிக்கலும்தான். எஞ்சுவது தெய்வத்தின் பெருமை மட்டுமே. இப்படியே போனால் ஐந்தாம் இடத்துக் கதை மட்டும் தங்கி, முதலிடத்துக் கதை அந்தணப் பெண்களை மணந்த அந்தணனின் கதையாகச் சுருங்கிவிடும்.

பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1882 முதல் 1898 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305-ஐ எண்ணிட்டு வெளியிட்டார். ஒரு பாடலின் எல்லா வடிவங்களையும் அடுத்தடுத்து அச்சிட்டது அவர் செய்த பெரும்பணி. எந்த வடிவத்தையும் அவர் திருத்தி ஒன்றாக்கவில்லை. நம் கதைகளுக்கும் அதுவே தேவை. எந்த ஊரில், எந்தக் கொடையில், எந்த வடிவம் பாடப்பட்டது என்ற குறிப்போடு ஒவ்வொன்றையும் பதிந்து வைத்தால், இந்த வரிசையை மறுக்க விரும்புவோருக்கும் அதற்கான சான்று கையில் இருக்கும்.