வேதம் பயிற்றிய பொதுமக்கள்: உபதேசியார் மரபு பற்றிய ஓர் ஆய்வு

கத்தோலிக்கத் திருச்சபையில் மறைக்கோட்பாட்டைப் போதிப்போர் யாவர், கேட்போர் யாவர் என்னும் வினா பழமையானது. ஆயரும் குருமாரும் போதிக்கும் சபை என்றும், பொதுமக்கள் கேட்கும் சபை என்றும் இரு கூறாக வகுத்துரைத்தல் ஒரு காலத்து வழக்கு. 1859ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜான் ஹென்றி நியூமன் இப்பகுப்பு வரலாற்றோடு முற்றும் பொருந்தாமையை எடுத்துக்காட்டினார். நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்பாரின் கொள்கை பரவியபொழுது ஆயர் பலர் தடுமாறினர் என்பதும், பொதுமக்களே மரபுவழிக் கோட்பாட்டைப் பெரிதும் காத்து நின்றனர் என்பதும் அவர் கண்ட முடிவு. அக்காலத்தே ஐயுறவோடு நோக்கப்பெற்ற இக்கருத்திற்கு அணித்தான ஒன்றை, 1964ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏடு தன் 12ஆம் பிரிவிற் கூறுகின்றது. ஆயர் முதல் பொதுமக்கள் ஈறாக அனைவரும் ஒருமித்து ஏற்கும் விசுவாசம் பிழைபடாது என்பதே அது.

இக்கோட்பாட்டின் மெய்ம்மையை ஆராய ஐரோப்பாவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. தமிழ் வழங்கும் நாடுகளின் கத்தோலிக்க வரலாறே தக்க சான்று தரும் என்பது எம் கருத்து. அதனை ஈண்டு ஒருவாறு நிறுவ முயல்வோம்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஆம் ஆண்டை அடுத்துத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்க்கு மறை பயிற்றுவார் இலர். 1542ஆம் ஆண்டில் அங்கு வந்த சவேரியார் தமிழ் அறியாதவர். இரு மொழியும் ஓரளவு அறிந்த அவ்வூர் மக்களைக் கூட்டி, அவர் துணையால் விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் மன்றாட்டுகளையும் தமிழாக்கி, அவற்றைத் தாம் மனப்பாடம் செய்தார். பின்னர் மணியடித்துச் சிறுவரைத் திரட்டிக் கற்பித்தார். கற்ற சிறுவர் தம் பெற்றோர்க்கும் அயலார்க்கும் கற்பித்தனர். நோயாளர் இல்லங்களுக்குச் சென்று விசுவாச அறிக்கையை ஓதினர். இச்செய்திகளை 1544ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எழுதிய மடலில் அவரே குறிக்கின்றார். எனவே, அத்துறையில் மறைபோதனை குருவின் நாவினின்று மட்டும் இறங்கிய ஒன்றன்று. பொதுமக்களின் சொல்லாய் முதலில் உருப்பெற்று, குருவின் நாவில் ஏறி, மீண்டும் பொதுமக்களிடம் பரவியதாகும்.

தமிழ் ஆராய்வார் கருதத்தக்க குறிப்பொன்று இங்கு உளது. சவேரியார் தம் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதிய மடல் ஒன்றில், விசுவாச அறிக்கையின் தமிழ் வடிவில் ‘வேணும்’ என்னும் சொல் வரும் இடத்தை மாற்றுமாறு பணிக்கின்றார். அச்சொல் விரும்புதலைக் குறிப்பதன்றி நம்புதலைக் குறிப்பதன்று. ஆதலின், ‘விசுவாசம்’ என்னும் சொல்லே வேண்டும் என்பது அவர் விளக்கம். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தும், வற்புறுத்தலால் நேர்ந்தவை எனப் பொருள்படும் சொல்லை விலக்கச் சொல்கின்றார். கிறிஸ்து தாமே விரும்பி ஏற்றவை அவை என்பது கோட்பாடு. ஒரு சொல் பிழைப்பின் கோட்பாடே பிழைபடும் என்பதை இதனால் அறிகின்றோம். சொல்லைத் தந்தவர் பொதுமக்கள். அதனைச் சீர்தூக்கித் திருத்தியது திருச்சபையின் பொறுப்பு. இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை.

1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் தமிழ் மன்றாட்டு நூல் ஒன்று உரோமன் எழுத்தில் அச்சாயிற்று. அச்சேறிய தமிழுள் காலத்தால் முந்தியது இதுவே. இதனை ஆக்கியோர் வின்சென்தே தெ நசரே, ஜோர்ஜே கர்வாலோ, தோமா தெ குரூஸ் என்னும் இந்தியர் மூவர். மேற்பார்த்தவர் ஒரு பிரான்சிஸ்கு சபைத் துறவி. அண்டிரிக்கு அடிகளார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமும், 1579ஆம் ஆண்டு கொச்சியில் அச்சிட்ட கிரிசித்தியானி வணக்கமும் தமிழ் எழுத்தில் வெளிவந்தவை ஆதலின், அவற்றையே நம் இலக்கிய வரலாறுகள் விரித்துரைக்கின்றன. அது தகும். ஆயின், அவற்றிற்கு முற்பட்ட நூலின் ஆசிரியர் மூவரையும் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுதல் தகுமா என்று கேட்க விரும்புகின்றோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மரபு தனக்கென ஓர் ஒழுக்க நூலையே பெற்றது. 1711ஆம் ஆண்டளவில் தமிழகம் வந்த வீரமாமுனிவர் இயற்றிய வேதியர் ஒழுக்கம், உபதேசியாரை முன்னிறுத்தி எழுந்த உரைநடை நூல். ‘வேதியர்’ என்னும் சொல்லை மறை பயிற்றும் பொதுமக்கட்கு உரிமையாக்கிய துணிவு கருதத்தக்கது. குரு ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ வந்து செல்லும் ஊர்களில் மறை நிலைபெறுவதும் அழிவதும் உபதேசியாரின் அறிவையும் ஒழுக்கத்தையும் பொறுத்தன. இதனை உணர்ந்தமையாலன்றோ முனிவர் அவர்க்கென ஒரு தனி நூல் செய்தார்!

பொதுமகன் ஒருவன் மற்றொருவனுக்கு மறை உணர்த்தியமைக்குத் தேவசகாயம் பிள்ளையின் வரலாறு சான்றாகும். 1741ஆம் ஆண்டுக் குளச்சற் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் தெலானாய் என்பாரே, திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளரான நீலகண்ட பிள்ளைக்கு முதலிற் கிறித்தவ மறையை எடுத்துரைத்தவர். நீலகண்ட பிள்ளை 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் குருவின் கையால் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக்கு அருகில் உயிர் துறந்தார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

ஈழத்தின் சான்று இன்னும் வலிது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் டச்சுக்காரர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பெற்றனர். அவர்க்கு இடமளித்தலும் பெருங்குற்றமாயிற்று. 1687ஆம் ஆண்டு சோசவாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து சேரும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் மறைவாகத் தம் விசுவாசத்தைக் காத்தனர். முனிவர் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமைத்து, மன்றாட்டு நடத்துதலையும் சிறுவர்க்குக் கற்பித்தலையும் அவரிடம் ஒப்புவித்தார். கூத்துப் பயிற்றும் ஆசானுக்கு வழங்கும் ‘அண்ணாவியார்’ என்னும் பெயரே மறை பயிற்றுவார்க்கும் வழங்கியமை, இம்மரபு மக்கள் வாழ்வில் எவ்வளவு வேரூன்றியது என்பதைக் காட்டும்.

இனி ஒரு தடை எழலாம். உபதேசியார் குருவின் ஏவலராய், அவர் தந்ததை ஒப்புவித்தவரே அன்றோ? அவரைப் போதகர் எனல் மிகையாகாதோ? இத்தடையை எளிதில் ஒதுக்க இயலாது. உபதேசியார் புதுக் கோட்பாடு வகுத்தாரல்லர். வகுக்கும் உரிமையும் அவர்க்கு இல்லை. பலர் ஊதியம் பெற்றவர், கண்காணிப்பிற்கு உட்பட்டவர். ஆயினும் போதித்தல் என்பது வகுத்தல் மட்டுமன்று. கேட்போர் மொழியில் கோட்பாட்டிற்கு உடல் தருதலும், குரு இல்லாக் காலத்து அதனைக் கெடாது காத்தலும் போதித்தலே ஆகும். ஈழத்து மக்களிடம் காக்கப்பட்ட விசுவாசம் இருந்திராவிடின், சோசவாஸ் முனிவர் மீட்டெடுப்பதற்கு ஒரு சபையே இருந்திராது.

1965ஆம் ஆண்டு திசம்பர் 7ஆம் நாள் வெளியான மறைபரப்புப் பணி பற்றிய சங்க ஏடு உபதேசியாரின் தொண்டைப் புகழ்ந்துரைத்தது. 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அத்தொண்டினைத் திருச்சபையின் முறையான பணிநிலைகளுள் ஒன்றாக்கினார். தமிழ் ஊர்களில் நானூறு ஆண்டுகட்கு மேலாக நடந்தேறியதற்கு ஏடு பின்னரே வந்தது.

இவ்வரலாற்றில் குருமாரின் பெயர்கள் நிற்கின்றன. உபதேசியாரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. மடல் எழுதியவர் குருமார் என்பதே காரணம். மறைந்தவற்றுள் சில, ஊர்க் கோயில்களின் பதிவேடுகளிலும், குடும்பங்கள் பேணும் மன்றாட்டு ஏடுகளிலும், அம்மானை வாசகப்பாக்களிலும் இருத்தல் கூடும். அவற்றைத் தேடித் தொகுத்தல் தமிழ் உரைநடையின் தோற்றத்தை ஆராய்வார்க்கும் கடனாகும். சவேரியாருக்குச் சொல் தந்த அக்கடற்கரை மக்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்தம் சொற்களின் வழித்தோன்றல்களையோ இன்றும் நம் உரைநடையிற் காண்கின்றோம்.