மேசைக் கணினிக்கு ரேம் கூட்டுதல்

இருக்கும் கணினியிலேயே நினைவகத்தின் அளவை உயர்த்துவது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், கோலார் தங்கவயல் தமிழர்களில் பலர் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அத்தகைய வீடுகளில் பழைய கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட இதைவிடச் சிக்கனமான வழி குறைவு. உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற தெரு பெங்களூரின் எஸ்.பி. ரோடு.

வாங்குமுன் மதர்போர்டு ஏற்கும் ரேம் தலைமுறையை அறிய வேண்டும். டிடிஆர்3 ரேம் பட்டைக்கு 240 முனைகள், 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 288 முனைகள், 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கும் 288 முனைகளே, ஆனால் 1.1 வோல்ட். பட்டையின் அடியிலுள்ள வெட்டின் இடம் மாறுவதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. திணித்தால் போர்டு பாழாகலாம். வேகம் வேறுபட்ட பட்டைகளைச் சேர்த்தால் பொதுவாக மெதுவானதன் வேகமே எல்லாவற்றுக்கும். ஒரே ஜோடியாக வாங்குவது நல்லது.

முனைகளில் பூசியிருப்பது மெல்லிய தங்கம். தங்கம் துருப்பிடிக்காது, மின்சாரத்தை நன்கு கடத்தும். தங்கவயல் தோண்டிய உலோகத்துக்கு இப்படியும் ஒரு பயன். முனைகளை விரலால் தொடக்கூடாது.

பொருத்தும்போது மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். நான்கு ஸ்லாட் போர்டில் ஜோடிக்குப் பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து 2-ஆவதும் 4-ஆவதும். கொக்கி ‘டக்’ என்று பூட்டும்வரை பட்டையின் இரு ஓரத்திலும் சமமாக அழுத்த வேண்டும். கணினி திரை காட்டாவிட்டால் பட்டையை எடுத்து மீண்டும் பொருத்துவதே முதல் வைத்தியம். அடிக்கடி உறைந்தால் மெம்டெஸ்ட்86 சோதனையை ஓட்டலாம்.