வலிநிவாரணிகளில் விலங்குவழித் துணைப்பொருட்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் வலிநிவாரணிகளில் வலியைத் தணிக்கும் மருந்தோடு, மாத்திரைக்கு வடிவும் பிணைப்பும் தரும் துணைப்பொருட்களும் கலந்துள்ளன. மருந்தியல் இவற்றைச் செயலற்றவை என வகைப்படுத்துகிறது. எனினும் புலால் மறுப்போரும், சமய நெறிப்படி பன்றியையோ மாட்டையோ விலக்குவோரும் இவற்றின் மூலத்தை அறிய விரும்புகின்றனர். மருந்துறையைப் படித்து அம்மூலத்தை அறிய இயலுமா என்பதை அமெரிக்க வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கூடும் பூச்சும்

ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி, மாடு ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பெறப்படுகிறது. 1834இல் பாரிசில் மோத், தியூப்ளான் ஆகிய இருவரும் ஜெலட்டின் கூட்டிற்குக் காப்புரிமை பெற்றனர். வெறுக்கத்தக்க சுவையுடைய மருந்துகளை எளிதில் விழுங்கச் செய்வதே அதன் நோக்கம். பிற்காலத்தில் வலிநிவாரணிகளும் இக்கூட்டில் அடைக்கப்பட்டன.

1982இல் சிகாகோ பகுதியில் விற்பனைக்கு வந்த டைலனால் கூடுகளில் எவரோ சயனைடு கலந்ததால் எழுவர் இறந்தனர். 1986இல் நியூயார்க் மாநிலத்தில் மேலும் ஒருவர் இவ்வாறே இறந்தார். அதன்பின், சீட்டின்றி விற்கும் தன் மருந்துகளைக் கூடு வடிவில் தருவதை ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் கைவிட்டது. பிரித்து நஞ்சு கலக்க இயலாத நீள்வடிவ மாத்திரை அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும் விழுங்குதல் எளிதாகும் பொருட்டு, 1980களின் இறுதியில் அம்மாத்திரையின்மேல் ஜெலட்டின் பூச்சு இடப்பட்டது. எனவே, கூடு இல்லாத மாத்திரையில் ஜெலட்டினும் இராது எனக் கொள்வது பிழையாகும்.

பெயரும் மூலமும்

1997ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், சீட்டின்றி விற்கும் மருந்துகளின் உறையில் துணைப்பொருட்களையும் பட்டியலிடுமாறு பணித்தது. 1999இல் உறைக்குறிப்புக்கான பொது அமைப்பு வகுக்கப்பட்டது. இவை பொருளின் பெயரைக் கேட்டனவேயன்றி மூலத்தைக் கேட்கவில்லை. ஜெலட்டின் என்னும் பெயர் விலங்குமூலத்தை உணர்த்தினும், எவ்விலங்கு என்பதை உணர்த்தாது. லாக்டோஸ் பாலிலிருந்து பெறப்படுவது. ஆதலின் பால்பொருளையும் விலக்குவோர்க்கு அப்பெயரே போதுமானது. மாத்திரை அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்க்கப்படும் மெக்னீசியம் ஸ்டியரேட்டின் நிலை வேறு. அதனை மாட்டுக்கொழுப்பிலிருந்தும் ஆக்கலாம், பாமாயிலிலிருந்தும் ஆக்கலாம். இருவகைக்கும் உறையில் ஒரே பெயர்தான்.

முடிவுரை

துணைப்பொருட்களின் பட்டியலைப் படித்தல் முதற்படியேயாகும். ஜெலட்டின், ஸ்டியரேட் போன்றவற்றின் மூலத்தை உற்பத்தியாளரிடம் கேட்டறிதல் இரண்டாம்படி. மூலப்பொருள் வழங்குவோர் மாறக்கூடுமாதலின், முன்னர்ப் பெற்ற விடையையே என்றும் நம்பியிருத்தல் இயலாது. உறையில் மூலத்தையும் குறிக்கச் சட்டம் பணிக்கும்வரை, இத்தேடலின் சுமை நோயுற்றவர்மீதே தங்கும்.