பஞ்சும் நூலும் காத்த வரலாறு



பழங்கால அரசர் உடை என்றதும் பட்டும் பொன்னுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வுடைக்கு உருவம் தந்த பஞ்சை நாம் நினைப்பதில்லை.

பிரான்சு நாட்டில் பிரித்தானிக் கோமகன் பட்டத்துக்காகப் போராடிய புளுவா சார்லஸ், 1364 செப்டம்பர் 29-ஆம் நாள், அதிதூதர் மிக்கேல் திருநாளன்று, ஓரே நகரருகே நடந்த போரில் மாண்டார். அவருடையதெனப் போற்றப்படும் மேலங்கியை ஆன்ஜே நகரக் கார்மேல் சபைத் துறவியர் பிரெஞ்சுப் புரட்சி வரை திருப்பண்டமாகக் காத்து வந்தனர். இன்று அது லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தின் உடைமை.

அதன் மேற்புறம் பொன்னிழைப் பட்டு, உட்புறம் லினன் துணி, இடையே பஞ்சு. மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைத்திருக்கின்றனர். நம்மூர் மெத்தையைப் போலவே, தையல் பஞ்சை நகரவிடாது பிடித்துக்கொள்கிறது. அதனால் மார்பு புடைத்தும் இடை ஒடுங்கியும் நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டு உடையை இன்று மீண்டும் தைப்போர்க்கு இது ஒரு பாடநூல். பட்டை மட்டும் வெட்டித் தைத்தால் அக்கால வடிவம் அமையாது.

1371-இல் ஆன்ஜேயில் நடந்த புனிதர்பட்ட விசாரணையில், அவர் தம் ஆடைக்குள்ளே மயிராடை அணிந்து தவம் புரிந்ததாகச் சாட்சிகள் உரைத்தனர். 1904-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவராக ஏற்றுக்கொண்டார்.

சார்லஸின் பெயரைத் திருச்சபை அறியும். அவரது அங்கியைத் தைத்தவர் பெயர் நமக்கு எட்டவில்லை. அவர் தையல் மட்டும் அறுநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. நம் ஆலயத்துக்குப் பீடத்துணியும் திருவுடையும் தைத்துத் தந்த கைகள் பலவற்றின் பெயர்களும் பங்கேட்டில் இல்லை. அவர்களையும் நம் திருப்பலியில் நினைந்து மன்றாடுவோம்.